றோஸ்மேரி மீது ஒரு முறைப்பாடு

றோஸ்மேரி மன்னாரில் நண்டுச் சதை எடுக்கும் கொம்பனி ஒன்றில் வேலை செய்தாள். வயது முப்பத்தாறு. உயிலங்குளத்து வயற்காரக் குடும்பத்துப் பெண்ணான சுகந்தினியை அவள் சந்தித்தது அங்கேதான். நான்கு வருடமாக இருவரும் வீட்டுக்காரி திரேசம்மாவின் வளவில் இருந்த சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். கேட்டவர்களுக்குச் சிநேகிதிகள் என்றார்கள். சந்தைக்குப் போனால் தள்ளித் தள்ளியே நடந்தார்கள். வீட்டுக்குள் வந்து யன்னல் சீலையை இழுத்துவிட்ட பிறகுதான் ஒருத்தி மற்றவளின் தலையை வாரிவிடுவாள்.

2023ஆம் ஆண்டு பங்குனியில் சுகந்தினிக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். அவள் மாட்டேன் என்றாள். ஏன் என்று தமையனுக்கு விளங்கிவிட்டது. தங்கையை றோஸ்மேரி கடத்தி வைத்திருக்கிறாள் என்று பொலிஸில் முறைப்பாடு கொடுத்தான். அடுத்த நாள் காலை வரச் சொல்லி இருவருக்கும் அழைப்பு வந்தது.

ஆணும் ஆணும் கூடினால் குற்றம் என்று வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தில் பிறகு பெண்களையும் சேர்த்துவிட்டார்கள், பிடிபட்டால் மறியலில் அடைப்பார்கள் என்று றோஸ்மேரி கேள்விப்பட்டிருந்தாள். வேறெங்கோ இரண்டு பெண்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் உடுப்பைக் கழற்றிச் சோதித்த கதையும் அவளுக்குத் தெரியும். மகளிர் அமைப்பொன்றின் சட்டத்தரணி பெற்றிசியாவுக்குப் போன் எடுத்தாள்.

"பயப்பிடாதேங்கோ எண்டு நான் சொல்லமாட்டன். ஆனா போனைக் குடுக்காதேங்கோ. அறைக்குள்ள நடக்கிறதைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்காதேங்கோ. ஆஸ்பத்திரிச் சோதினைக்கு ஓம் எண்டு சொல்லாதேங்கோ. எனக்கு நாளைக்கு வவுனியாக் கோட்டில வழக்கு. பின்னேரம்தான் வரலாம்" என்றாள் பெற்றிசியா.

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, போனில் இருந்த படங்களை ஒவ்வொன்றாக அழித்தார்கள். தலைமன்னார்க் கடற்கரையில் எடுத்த படம் வந்தபோது சுகந்தினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காலையில் றோஸ்மேரி வீட்டுத் திறப்பைத் திரேசம்மாவிடம் கொடுத்து, "நாங்கள் பொலிசுக்குப் போறம், அக்கா. வரப் பிந்தினா கோழியளுக்குத் தீன் போடுங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

பொலிஸில் தமையன் கதிரையில் இருந்தான். சார்ஜன்ட் இவர்களை இருக்கச் சொல்லவில்லை.

"ரெண்டு பேரும் என்ன சொந்தம்?"

சுகந்தினிதான் பேசினாள்.

"எனக்கு முப்பத்தொரு வயசு, சேர். என்னை ஒருத்தரும் கடத்தேல்லை. என்ர விருப்பத்திலதான் வந்தனான்."

"நான் கேட்டது அது இல்ல. இதுக்குச் சட்டம் இருக்கு, தெரியுமா? டொக்டர்கிட்ட அனுப்பவா?"

றோஸ்மேரி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நாங்கள் அதுக்குச் சம்மதிக்கேல்லை, சேர்." தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை.

சார்ஜன்ட் நிமிர்ந்து பார்த்தார். அந்த நேரம் திரேசம்மா குடையோடு உள்ளே வந்தாள்.

"இவை என்ர வளவில இருக்கிற பிள்ளையள். நாலு வருசமா ஒரு சண்டை சச்சரவு இல்லை. ஆர் ஆரைக் கடத்தினது?"

தமையன் எழும்பினான். "இவையள் என்ன மாதிரி ஆக்கள் எண்டு உங்களுக்குத் தெரியுமே?"

"எனக்குக் கண் தெரியும், தம்பி."

றோஸ்மேரி சட்டென்று திரும்பிப் பார்த்தாள். திரேசம்மாவுக்குத் தெரியும் என்றால் இன்னும் யார் யாருக்குத் தெரியும்? கோயிலில் பக்கத்தில் முழந்தாளிடுகிறவர்களுக்கா, கொம்பனியில் எதிரே இருந்து நண்டு உடைக்கிறவர்களுக்கா?

தானாக விரும்பி வந்ததாகச் சுகந்தினி வாக்குமூலம் கொடுத்தாள். சார்ஜன்ட் அவர்களைப் போகச் சொன்னார். வாசலில் தமையன், "அம்மா செத்தாலும் வந்திடாதை" என்றான். சுகந்தினி பஸ் நிலையம் வரை அழுதுகொண்டே நடந்தாள். அன்று றோஸ்மேரி தள்ளி நடக்கவில்லை.

வைகாசியில் பெற்றிசியா தொலைபேசியில் செய்தி சொன்னாள். அந்தத் தண்டனையை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

"அப்ப கலியாணம் எழுதலாமோ?" றோஸ்மேரி மெதுவாகக் கேட்டாள்.

"அதுக்குக் கனதூரம் கிடக்கு. இதையே இன்னும் பாராளுமன்றம் நிறைவேற்றேல்லை."

அந்த ஆண்டு முடிந்தும் அது நிறைவேறவில்லை. இருவரும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். படலையடியில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றால் றோஸ்மேரி கைவேலையை விட்டுவிட்டு அப்படியே நிற்பாள். "மீன்காரர்தான்" என்று சுகந்தினி எட்டிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும்.