அவர் சொன்ன மோகம்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த அந்த அதிகாரி ஒல்லியானவர், மென்மையானவர். பேச்சின் நடுவே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வார். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக நினைக்கும் பெண்கள் அவரிடம்தான் கையெழுத்து வாங்க வேண்டும். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரியான செல்விக்குத் துணையாக நானும் போயிருந்தேன்.

"லயம் முழுக்க வெளிநாட்டு மோகம் பிடிச்சு ஆட்டுதும்மா" என்றார்.

"ஐயா மகன் எங்கங்க இருக்காரு?" என்று கேட்டேன்.

"கனடாவுல."

"அதுவும் மோகந்தானுங்களா?"

"சேச்சே, அது மேற்படிப்பும்மா" என்று சிரித்தார்.

கோபமே இல்லை. செல்வியின் இடுப்பிலிருந்த பிள்ளையின் கன்னத்தைத் தட்டி, "இதுக்கு அம்மா வேணும்ல" என்றார். கையெழுத்துப் போடவில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகும் அவரால் எப்படி அவ்வளவு அன்பாகச் சிரிக்க முடிந்தது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.