வாடகை பூட்ஸில் ஒரு பனிமலை

வெளியே ஜூலை வெயில். துபாயில் ஒரு மாலுக்குள் கட்டிவைத்திருக்கும் பனிமலையில் ஏறிக்கொண்டிருக்கிறோம். விசிட் விசாவில் வந்திருக்கும் என் மனைவி, வாடகை பூட்ஸின் கனம் தாங்காமல் கைப்பிடியைப் பற்றிக்கொள்கிறாள். குரங்குக் குல்லாவுக்குள்ளிருந்து மகள் அலறுகிறாள்.

“வழுக்குதுப்பா!”

“பூட்ஸ் முனையால குத்திக் குத்தி ஏறு பாப்பா. என் கையைப் பிடிச்சுக்க.”

எனக்கு இந்தக் கனம் பழக்கம். பதினொரு வருஷமாக முசஃபா தொழிற்பேட்டையில் ஒரு வெல்டிங் ஷாப்பில் சேஃப்டி ஷூ போட்டு நிற்கிற கால் இது. லீவில் ஊருக்குப் போகும்போது செருப்போடு மட்டுமே என்னைப் பார்த்திருக்கும் இரண்டு பேரும் இப்போது என் தடத்தில் கால் வைத்து வருகிறார்கள்.

உச்சியில் நிற்கும் நேபாளிப் பணியாளர் இந்தியில் கேட்கிறார்: “அச்சா ஏறுறீங்க, பாய். உங்க ஊரு எந்த மலையில?”

வேகத்தடையைத் தவிர வேறு மேடே இல்லாத எங்கள் பேட்டையின் பெயரை நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன்:

“முசஃபா, பாய்.”