சுவரைப் பார்த்து நின்றவர்

தைப்பூச விரதம் தொடங்கியதும் வீட்டில் மீன் நின்றது. பொரித்த கெம்போங் மீனைத் தவிர வேறெதையும் தொடாத என் பூனைக்குக் கடைத் தீனியை வைத்தேன். பசித்தால் தின்னும் என்று நினைத்தேன். அது தொடவே இல்லை. மூன்றாம் நாள் பூனையால் எழுந்து நிற்கவே முடியவில்லை.

அதைத் தூக்கிக்கொண்டு ஜார்ஜ்டவுனில் ஒரு கால்நடை கிளினிக்குக்கு ஓடினேன். டாக்டர் ஊசி போட்டுவிட்டு, தீனி கொடுக்கச் சொல்லி உதவியாளரிடம் விட்டார். கையெல்லாம் கீறல் தழும்பு உள்ள, ஐம்பது வயது அக்கா.

"விரதம் உங்களுக்கா தம்பி, அதுக்கா? இப்படிப் பட்டினி கிடந்தா பூனைக்கு ஈரல் போயிடும் லா. அவிச்ச மீனுல புதுத் தீனிய ஒரு சிட்டிகை கலந்து குடுங்க. நாளுக்கு நாள் கொஞ்சமா கூட்டுங்க."

பூனை பிழைக்குமா என்று அதன் முகத்தையே பார்த்தேன். அவர் தீனியை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, பூனையின் முன் நீட்டிவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஏன்க்கா பார்க்க மாட்டேங்கிறீங்க?"

"நம்ம பயத்தப் பார்த்தா அது தின்னாது."

நம்ம பயம் என்றார். எத்தனையோ பூனைகளுக்கு ஊட்டிய அவருக்கும் பயமா! நானும் திரும்பிக்கொண்டேன். நக்கும் சத்தம் கேட்கும்வரை இருவரும் சுவரையே பார்த்து நின்றோம்.

விரத வீட்டில் மீன் அவித்தேன். பூனை இப்போது தீனியும் தின்கிறது. ஆனாலும் தட்டை வைத்துவிட்டு நான் சுவரைத்தான் பார்க்கிறேன்.