பிரிவில் பெருத்தவர்

தெருமுனைத் தையல் கடையில் கால்சட்டை தைப்பதில் அந்தத் தையல்காரரை மிஞ்ச ஆளில்லை. அளவெடுக்கும்போது யாராவது வயிற்றை எக்கினால், "மூச்சை விடுங்க சார், வீட்டுல போய் விடத்தானே போறீங்க" என்பார். மற்றபடி அதிகம் பேசமாட்டார்.

மனைவி வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். ஒப்பந்தம் முடியப்போகிறது, இன்னும் ஓர் ஆண்டு இருக்க முடியுமா என்று அங்கே கேட்டிருந்தார்கள். மறுநாள் பதில் சொல்ல வேண்டும். அவள் இவரைக் கேட்டதற்கு, "உன் இஷ்டம்" என்று சொல்லித் தொலைத்தார். வந்துவிடு என்று சொல்லக் கூச்சம்.

கடையில் எதிரே உட்கார்ந்து சட்டைகளுக்குப் பட்டன் துளை தைத்துக் காஜா எடுப்பவர் காதல் கவிதைகளைக் கரைத்துக் குடித்தவர். வாயால் சொல்ல வராததைக் கவிதையாக அனுப்பச் சொன்னார். பிரிந்தவர்களுக்குத் தூக்கம் வராது, நிலா சுடும், உடம்பு இளைத்து வளையல் கழலும். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றார். தையல்காரரோ படுத்தால் விடிந்துதான் எழுவார். நிலாவை அண்ணாந்து பார்த்தே வெகுநாளாகிறது. வளையலும் கிடையாது. ஆகவே, இடுப்பில் நிற்காமல் கால்சட்டை நழுவுகிறது என்று எழுதினார். எழுதும்போதே இடுப்புப் பட்டன் இறுக்கிப் பிடித்தது.

"பொய்யில்லையா இது?"

"பிரிவுல குண்டானவன் எந்தக் கவிதையிலண்ணே இருக்கான்? அனுப்புங்க."

அனுப்பிய சற்று நேரத்தில் மனைவி வீடியோவில் வந்துவிட்டாள். முகம் மட்டும் தெரியும்படி போனைப் பிடித்தார். அவளா விடுவாள்?

"எழுந்து நின்னு இடுப்பை அளந்து காட்டுங்க."

டேப்பைச் சுற்றினார்.

"மூச்சை விடுங்க."

விட்டார். அவள் புறப்பட்டபோது இருந்ததைவிட மூன்று அங்குலம் கூடுதல். காஜா எடுப்பவர் இல்லாத நூலைத் தேடிக் குனிந்துகொண்டார்.

"நான் இல்லாத சந்தோஷம் உடம்புலயே தெரியுது," என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "சரி, இருக்கேன்னே சொல்லிடறேன்."

அவர் டேப்பை உருவிப் போட்டார். கூச்சம் போன இடம் தெரியவில்லை.

"ஒருத்தருக்குச் சமைக்க எனக்கு வரலை. கை ரெண்டு பேருக்குத்தான் அள்ளுது. உன் பங்கைக் கொட்ட மனசில்லாம அதையும் நானே சாப்பிட்டுடறேன். வந்துடேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"இதை எழுதினா என்னவாம்?"

"கவிதைன்னா இளைச்சுத்தான் ஆகணுமாம்."

"எந்தக் கூறுகெட்டவன் சொன்னான்?"

தையல்காரர் போனை எதிர்ப்பக்கம் திருப்பினார். காஜா எடுப்பவர் பணிவாக வணக்கம் வைத்தார்.

"முடியாதுன்னு நாளைக்கே சொல்லிடறேன்," என்றாள் அவள். "வந்து என் பங்கை நானே சாப்பிட்டுக்கறேன்."