எட்டை விழுங்கிய பெட்டி

குசாகா நொபுஹிரோ ஒசாகாவில் ஒரு கால்குலேட்டர் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாகப் பொத்தான்களோடு குடித்தனம் நடத்தியவர். பெட்டிக்குள் ஓடும் மின்சாரத்தைப் பற்றிப் பேச அங்கே பட்டம் வாங்கிய பெரிய ஆட்கள் நிறைய. விரல் படுகிற இடத்தைப் பற்றிக் கவலைப்பட இவர் ஒருவர்தான். ஒரு பொத்தான் எவ்வளவு உயரம் நிற்க வேண்டும், எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும், இறங்கியதும் எவ்வளவு சீக்கிரம் மேலே வர வேண்டும் என்று யோசித்தே தலைமுடியில் பாதியைத் தொலைத்திருந்தார்.

அவர் செய்த முதல் இரண்டு மாடல்களும் மண்ணைக் கவ்வின. முதலாவதில் பொத்தான் கல்லாக இருந்தது. நாள் முழுக்க அழுத்தியவர்கள் விரலுக்குப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டார்கள். இரண்டாவதிலோ, ஆடி மாதப் புழுக்கத்தில் ரப்பர் ஒட்டிக்கொண்டு, இறங்கிய பொத்தான் மேலே வர மறுத்தது. மூன்றாவது உருவானது 1976-இல். சட்டைப் பையில் போடுகிற அளவு. பொத்தானுக்குப் பொத்தான் பதினாறு மில்லிமீட்டராக இருந்த இடைவெளியைப் பதினொன்றாகக் குறுக்கியிருந்தார். டிசம்பர் போனஸ் கையில் விழும்போது கடைகளில் இருக்க வேண்டும் என்று கம்பெனி அதன்மேல் உயிரை வைத்திருந்தது.

"இதுவும் கவுந்தா உனக்கு வரைபலகை கிடையாது. தூரத்துல, கடலோரம் இருக்குற தொத்தோரி கிடங்குல போய் உதிரி பாகம் எண்ணு" என்று பிரிவுத் தலைவர் கடோவாக்கி முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். பதவிப் பெயரால் எல்லாரும் அவரை 'புச்சோ' என்றுதான் கூப்பிடுவார்கள். மிரட்டுவதற்காக எதையும் சொல்லும் ஆள் இல்லை அவர். சொன்னால் செய்வார்.

ஆயிரம் மாதிரிகள் தயாராகி, கம்பெனி ஊழியர்களுக்கே நாற்பது பெட்டிகள் பழகிப் பார்க்கக் கொடுக்கப்பட்டன. ஒப்புதல் கூட்டம் வெள்ளிக்கிழமை. புதன்கிழமை காலை, முதல் மாடி சம்பளப் பிரிவிலிருந்து மினோ சுமியே படியேறி வந்து பெட்டியைக் குசாகாவின் மேசையில் டக்கென்று வைத்தார். ஐம்பது வயது. அந்தக் கட்டடத்தில் யாருக்கும் பயப்படாத வாய்; ஆனாலும் பெயருக்குப் பின்னால் 'சான்' என்ற மரியாதைச் சொல்லை விடாது.

"குசாகா-சான், உங்க பெட்டி என் எட்டை முழுங்குது."

"எட்டையா?"

"எட்டு, அஞ்சு, எது கிடைச்சாலும். நேத்து மூணு தடவை. முதல்ல எனக்குத்தான் வயசாயிடுச்சோன்னு பயந்துட்டேன். அப்புறம் மணிச்சட்டத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். நான் சரி. இதுதான் திருடன்."

குசாகா ஆள்காட்டி விரலால் எட்டை அழுத்தினார். வந்தது. பத்துத் தடவை அழுத்தினார். பத்தும் வந்தன.

"நல்லாத்தானே வருது, மினோ-சான்."

"கோயில் மணி அடிக்கிற மாதிரி அழுத்தினா வராம என்ன? மாசக் கடைசியில எவ அப்படி உட்கார்ந்து அழுத்துவா? தள்ளுங்க." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சம்பளத் தாளைப் பார்த்தபடியே மூன்று விரலால் தட்டினார். பெட்டியின் பக்கம் கண் போகவே இல்லை. நாலாவது வரியில் ஓர் எண் குறைந்தது.

எண்ணை விட்டுவிட்டுக் குசாகா அந்தக் கையையே பார்த்தார். சிறு வயதில் மணிச்சட்டப் பள்ளியில், மணிகளை நகர்த்திக் கணக்குப் போட்டுப் பழகிய கை. ஒரு விரல் மேலே எழும்புவதற்கு முன்பே அடுத்த விரல் இறங்கிவிடுகிறது. கண்ணிமைக்கிற நேரத்துக்கு இரண்டு பொத்தான்கள் சேர்ந்து கீழே இருக்கின்றன. உள்ளே இருக்கிற சிப்போ, இரண்டு ஒன்றாக வந்தால் இரண்டாவதைக் கணக்கில் எடுக்காது. பழைய பெரிய பெட்டியில் கை ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிப் போக வேண்டியிருந்ததால் இந்தச் சங்கடம் வரவில்லை. இடைவெளியைக் குறுக்கியது யார்? இவர்தான்.

ஊரில் பாதிப் பேர் மணிச்சட்டப் பள்ளியில் படித்தவர்கள். கடைக்காரி, வங்கிக்காரி, கிடங்குக் குமாஸ்தா எல்லாருக்கும் இதே கைதான்.

வியாழக்கிழமை கடோவாக்கியிடம் போய் விஷயத்தைச் சொன்னார். அவர் சிகரெட்டை அணைக்கக்கூட இல்லை.

"சோதனை மெஷின் எத்தனை தடவை அழுத்துச்சு?"

"பத்து லட்சம், புச்சோ."

"எத்தனை எண் விட்டுப்போச்சு?"

"ஒண்ணும் இல்ல. ஆனா மெஷினுக்கு ஒரே விரல். அது அழுத்தி, எடுத்து, அப்புறம்தான் அடுத்ததுக்குப் போகுது."

"மனுஷனும் அப்படித்தான்டா அழுத்தணும்!" கடோவாக்கி மேசையைத் தட்டினார். "சரி. நாளைக்கு அந்தம்மாவைக் கூட்டிட்டு வா. இயக்குநர் முன்னாடி எண் காணாமப் போனா பேசுவோம். போகலைன்னா வாயைப் பொத்திக்கிட்டு முத்திரையைப் போடு."

அன்று இரவு வீட்டில், சாப்பாட்டுத் தட்டில் வைத்த கானாங்கெளுத்தி மீன் ஆறிக்கொண்டிருந்தது. குசாகா இரண்டு விரல்களை மேசையில் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருந்தார். மனைவி தமாயோ கொஞ்ச நேரம் பார்த்தாள். தெருமுனையில் சொந்தமாகச் சிகை அலங்காரக் கடை நடத்துகிறவள்; பேச்சைச் சுற்றி வளைக்கத் தெரியாது.

"தொத்தோரியா?"

"இன்னும் இல்ல."

"அப்படி ஆனா நான் வரமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். கடையை யார் பாக்குறது? நீங்க தனியாத்தான் போகணும்." சொல்லிவிட்டு மீனை மறுபடி சூடாக்க எடுத்துப் போனாள்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணி. மூன்றாம் மாடி அறை. நடுவில் இயக்குநர் முரோய். எழுபதை நெருங்கும், அதிகம் பேசாத மனிதர், சின்ன வயதில் துணிக்கடையில் எடுபிடியாக இருந்து மேலே வந்தவர். அவருக்கு முன்னால் ஒப்புதல் தாள். அதில் கையெழுத்துக்குப் பதிலாக அவரவர் பெயர் முத்திரையைக் குத்த ஏழு கட்டங்கள். முதல் கட்டம் வடிவமைத்தவருக்கு. அதில் குசாகாவின் முத்திரை விழாமல் மற்ற ஆறு பேரும் தங்கள் முத்திரையை எடுக்க முடியாது.

மினோ பெட்டியின் முன் உட்கார்ந்தார். கடோவாக்கி எண்கள் எழுதிய தாளை நீட்டினார்.

விதி என்று சொல்வதா, வளர்ப்பு என்று சொல்வதா தெரியவில்லை. யாருக்கும் பயப்படாத அந்த அம்மாள், இயக்குநரின் வெள்ளைத் தலையைப் பார்த்ததும் முதுகை நிமிர்த்திக்கொண்டார். முழங்காலைச் சேர்த்துக்கொண்டார். வாய் அடங்கியது போதாதென்று விரலும் அடங்கிவிட்டது. ஒவ்வொரு பொத்தானாக, விருந்தாளிக்குத் தேநீர் வைப்பதுபோல் மரியாதையாக அழுத்தினார். விடை சரி. இரண்டாவது தாள். சரி. மூன்றாவதும் சரி.

மினோவின் காது சிவந்துவிட்டது. "இல்லீங்க... கீழ என் மேசையில..." என்று இழுத்தார்.

"கண்ணாடியை மாத்திப் பாருங்க, மினோ-சான்" என்றார் கடோவாக்கி, இனிக்க இனிக்க. நாற்காலிகளில் சிரிப்பு ஓடியது. சிவப்பு மை டப்பாவைக் குசாகாவின் பக்கம் நகர்த்தினார். "போடு."

குசாகா முத்திரையை எடுத்து மையில் ஒற்றினார். எதிரே மூன்று சரியான விடைகள். சாட்சி சொல்ல வந்தவரே பொய்யாகிப் போனார். யாரும் இவரைக் குறை சொல்ல முடியாது. டிசம்பரில் பெட்டி விற்கும், தமாயோவோடு ஒசாகாவிலேயே இருக்கலாம். எங்கேயோ ஒரு கடையில் ஓர் எண் காணாமல் போனால், அது இந்தப் பெட்டியால்தான் என்று எவருக்குத் தெரியும்? முத்திரை தாளுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது.

"புச்சோ..." அவர் குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. "தாளை அவங்களுக்குக் காட்ட வேண்டாம். நீங்க அதைப் பார்த்துச் சத்தமா எண் சொல்லுங்க. மணிச்சட்டப் பள்ளியில சொல்ற மாதிரி."

"என்னது?"

"நீங்க சின்ன வயசுல மணிச்சட்டத்துல பரிசு வாங்கினவர்னு எல்லாரும் சொல்வாங்க. ஒரே ஒரு தடவை. அவங்க அழுத்தட்டும்."

கடோவாக்கி முறைத்தார். ஆனால் இயக்குநர் ஏற்கெனவே தன் கைப்பையிலிருந்து பழைய மணிச்சட்டத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டார். "சொல்லு, கடோவாக்கி. நானும் போட்டுப் பாக்குறேன்."

கடோவாக்கி தொண்டையைச் செருமினார். "தயவு செய்து..." என்று பள்ளியில் ஆரம்பிக்கிற அதே நீட்டலோடு ஆரம்பித்ததும் குரலே மாறிப்போனது. "ஆயிரத்து நானூத்து முப்பத்தெட்டு... இருநூத்து அறுபது... நாலாயிரத்து எண்ணூத்துப் பதினேழு..." போகப் போக வேகம் கூடியது. பரிசு வாங்கிய பழைய பையன் உள்ளேயிருந்து எழுந்து வந்துவிட்டான். தான் எதற்காகப் படிக்கிறோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. மினோவும் கண்ணை மூடினார். முதுகு தளர்ந்தது. இயக்குநர் இருக்கிறார், அறை இருக்கிறது என்பதெல்லாம் போய், காதில் விழுவது அப்படியே விரலுக்கு இறங்கியது. மூன்று விரல்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் புரண்டன.

"...எழுநூத்து ஒன்பது. முடிஞ்சுது!"

இயக்குநர் மணிச்சட்டத்தைப் பார்த்தார். "தொண்ணூத்தோராயிரத்து நானூத்து இருபத்தாறு."

மினோ கண்ணைத் திறந்தார். "எண்பத்தேழாயிரத்து இருபத்தாறு."

பெட்டி சரி என்றால் இயக்குநர் தப்பு. அதைச் சொல்ல அந்தக் கட்டடத்தில் ஆள் கிடையாது.

குசாகா வித்தியாசத்தைப் போட்டுப் பார்த்தார். "நாலாயிரத்து எண்ணூத்துப் பதினேழு, நானூத்துப் பதினேழா உள்ள போயிருக்கு. எட்டு விழலை."

"நான்தான் சொன்னேனே, திருடன்னு!" என்றார் மினோ. வாய் திரும்பி வந்துவிட்டது.

கடோவாக்கியின் கழுத்து நரம்பு புடைத்தது. தோற்கிற ஆள் இல்லை அவர். "சின்ன விஷயம். கூட வர்ற புத்தகத்துல ஒரு வரி போட்டுடலாம். பட்டனை ஒவ்வொண்ணா அழுத்தவும். அவ்வளவுதான். மை காயுது, குசாகா."

"சரி பண்ண எவ்வளவு நாள் ஆகும்?" இது இயக்குநர்.

"பட்டனுக்கு அடியில இருக்குற தகட்டை மாத்தணும். விரல் லேசாத் தளர்ந்ததுமே தொடர்பு விட்டுப்போற மாதிரி செய்யணும், அப்போ அடுத்த விரல் இறங்கும்போது இது இருக்காது. புது அச்சு வெட்ட நாலு மாசம், ஐயா."

"டிசம்பர்?"

"போச்சு."

"புத்தகத்துல ஒரு வரி போட்டா?"

முத்திரை இன்னும் குசாகாவின் கையில் இருந்தது. "அந்த வரியைப் படிச்சவங்களும் வேகமாத்தான் அழுத்துவாங்க. தப்பு வந்தாலும் அவங்களுக்குத் தெரியாது. மினோ-சான் மாதிரி மணிச்சட்டத்தைத் திரும்பப் போட்டுப் பாக்க யாருக்கு நேரம்? என்னால முத்திரை போட முடியாது." ஒரு காகிதத்தில் மையைத் துடைத்துவிட்டு முத்திரையை உறைக்குள் போட்டார். அந்த நிமிடம் அவருக்குப் பயமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இதைச் சொல்ல இத்தனை பெரிய மனிதர்களில் தான் ஒருவன்தானா கிடைத்தேன் என்று இருந்தது.

இயக்குநர் ஒப்புதல் தாளைக் கவிழ்த்து வைத்தார். "அச்சை வெட்டு" என்றார். எழுந்து போகும்போது நின்று, "தொத்தோரியில குளிர் அதிகம்" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அச்சு வெட்டி முடிக்கும்வரை வைத்திருந்தார்கள். பிப்ரவரியில் மாற்றல் உத்தரவு வந்தது. காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை. டிசம்பரை வேறொரு கம்பெனி அள்ளிக்கொண்டு போயிருந்தது. யாராவது ஒருவன் தலை உருள வேண்டும், உருண்டது. தமாயோ ரயிலடி வரை வந்து, தடிமனான உள்ளாடைகள் இரண்டைக் கையில் திணித்துவிட்டு, கடையைத் திறக்க நேரமாகிறது என்று திரும்பினாள். பெட்டி ஏப்ரலில் வெளிவந்தது. அதைப் பற்றிய செய்தியில் கடோவாக்கியின் படம் இருந்தது.

கிடங்கு வேலை கெடுதலாக ஒன்றும் இல்லை. வேலை இல்லாத நாள்தான் கொடுமை. நவம்பரில் நண்டு இறங்க ஆரம்பித்த ஒரு விடுமுறை நாள் காலை, பொழுது போகாமல் குசாகா துறைமுகச் சந்தைக்குப் போனார். எடை மேடையில் கட்டுமஸ்தான ஒரு பெண், ரப்பர் காலணியோடு நின்று, கூடை கூடையாக வரும் நண்டின் எடையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். தோளுக்கும் காதுக்கும் நடுவில் தொலைபேசி. ஒரு கையில் பென்சில். மறு கையின் அடியில் ஈரப் பலகைமேல் அந்தப் பெட்டி. அதைப் பார்க்காமலே மூன்று விரலால் தட்டினாள். விரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் புரண்டன.

குசாகா வாளிகளுக்கு நடுவில் நின்றபடி, கரும்பலகையில் எழுதியிருந்த எடைகளை மனத்துக்குள் கூட்டினார். அவள் தொலைபேசியில் சொன்ன விடை சரியாக இருந்தது. அடுத்த படகின் கூடைகளையும் கூட்டினார். அதுவும் சரி.

"என்ன அண்ணே, நண்டு வேணுமா? இல்லைன்னா வழி விடுங்க" என்றாள் அவள்.

"இல்லம்மா... அந்தப் பெட்டி. அதுல எப்பவாவது எண் தப்பா வருதா?"

"பெட்டியா?" அவள் அப்போதுதான் கீழே குனிந்து அதைப் பார்த்தாள். "பெட்டி ஏன் தப்புப் பண்ணப் போகுது? தப்பு வந்தா நான்தான் தப்பா அழுத்தியிருப்பேன்."