என் பெயருக்குக் கீழே இருந்த வெற்றிடம்

கொழும்பு ரயிலில் வந்திறங்கிய கையோடு பதுளைக் கடைத்தெரு அச்சகத்துக்குள் நுழைகிறேன். ஸ்டூல் போடுகிறார்கள், உட்கார முடியவில்லை. மாலையில் தோட்டத் துரைமார் கிளப்பில் எங்கள் நால்வர் கச்சேரி. இரண்டு வயலின், ஒரு செல்லோ, வயோலா நான். நிகழ்ச்சித் தாளில் மற்ற மூவருக்கும் லண்டன் படிப்பு, வாங்கிய மெடல் என்று பத்தி பத்தியாக இருக்கிறது. நான் எழுதிக் கொடுத்ததை மட்டும் முதல் வயலின்காரர் அடித்துவிட்டார். கிளப்பில் மரியாதை கெடுமாம்.

அச்சுக் கோர்க்கும் தங்கராசு கேட்கிறார்: “ஏங்க, ஒங்களுக்கு மட்டும் ஒண்ணுமே காணோம்? வானத்துல இருந்து குதிச்சீங்களா?”

“ஹல்துமுல்லைத் தோட்டத்துல, கூலி லயத்துல பொறந்தேன். அம்மா கொழுந்து பறிச்சாங்க. மாதா கோயில் சாமியார்கிட்ட வயலின் வாசிக்கப் படிச்சேன். அப்படியே போடுங்க.”

“தொரைமாரு படிப்பாங்களே. அடிச்சுவிட்ட ஒங்க வயலின்காரரு சும்மா விடுவாரா?”

“வெளிய போன்னா போறேன். நாலு பேர் வாசிக்கிறத மூணு பேர் வாசிக்கட்டும்.”

வாசலுக்கும் மேசைக்குமாக நடக்கிறேன். அவர் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறார். பாதியில் நிமிர்கிறார்.

“நானும் லயந்தாங்க. லயத்து நம்பரையும் போட்டுருவமா?”

“பத்து,” என்கிறேன்.

அதையும் கோர்க்கிறார்.