திருப்பிக் கொடுக்காத கிண்ணங்கள்

என் மனைவி பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்த அன்று நான் வைத்த பத்தியக்கறியை நினைத்தால் இன்னும் உடம்பு கூசுகிறது. மல்லி, மிளகு, சீரகம், வேர்க்கொம்பு என்கிற சுக்கு எல்லாவற்றையும் வறுத்து அரைத்தது சரிதான். அதற்குப் பிறகு பிள்ளை அழுதது, நான் ஓடினேன், கறி சட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டது. ஒட்டாத பாகத்தை வழித்துக் கொடுத்தேன். அவள் அதை முழுவதும் தின்று முடித்தாள். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

இந்தச் சமையலெல்லாம் மாமி, என் மனைவியின் அம்மா, செய்ய வேண்டியது. யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்கு வருவதற்கு ஆயத்தமாக இருந்தவருக்கு விசா கிடைக்கவில்லை. ஆகவே மாமி தினமும் காலையில் என் கைத்தொலைபேசி வீடியோவில் வந்து, சீனி டப்பாவில் சாய்ந்து நின்றபடி என் சட்டியைப் பார்த்தார்.

"தம்பி, உள்ளிப்பூண்டை அப்பிடி அரியாதேங்கோ. முழுசாப் போடுங்கோ. அவளுக்குப் பால் வரவேணுமெல்லோ."

அதுதான் பிரச்சினை. பால் போதவில்லை. மருத்துவமனையில் அவளுக்கு இரவுச் சாப்பாடாகக் கிடைத்தது குளிர்ந்த பாணும் சீஸும் வெள்ளரிக்காயும். குடிக்கக் காஸ் அடித்த தண்ணீர். சுடுதண்ணீர் கேட்டால் தேயிலைப் பை எங்கே என்று தேடினார்கள். வீட்டுக்கு வந்து பார்க்கும் ஹெபாமெ, அதாவது இங்கத்தைய மருத்துவிச்சி, நல்ல மனுஷி. நிறையத் தண்ணீர் குடி, நன்றாகச் சாப்பிடு, ஜன்னலைத் திற, பால் தானாக வரும் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போவார். அவர் படியிறங்கியதும் என் மனைவி ஜன்னலைச் சாத்திவிட்டுக் காதை மூடிக் கட்டிக்கொள்வாள். பிள்ளை பசியில் முகத்தைத் திருப்பித் திருப்பி அழும்போது, அவள் என்னைப் பார்க்க மாட்டாள். அந்தப் பார்க்காமலிருத்தல் என் சமையலுக்கான மார்க்கு என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு கொரியத் தம்பதி. கெல்சென்கிர்ச்சனில் எங்கள் கட்டடத்தில் ஒரே மாடியில் இரண்டு கைக்குழந்தைகள். எங்களுடையதற்குச் சில நாள் முந்தியது அவர்களுடையது. கணவர் நாடக அரங்கின் வாத்தியக் குழுவில் வாசிக்கிறவர். என்னைப் போலவே பிள்ளைக்காக லீவு எடுத்திருந்தார். என்னைப் போலவே அவரும்தான் சமையல். வித்தியாசம், அவருக்குச் சமைக்கத் தெரியும். அவர்கள் கதவிடுக்கால் வரும் நல்லெண்ணெய் வாசத்தை என் மனைவி படுக்கையிலிருந்தே பிடித்துவிட்டாள்.

"அங்க ஆரோ நல்லெண்ணெயில உள்ளி வதக்கினம், என்னப்பா?"

அதை அவள் சொன்ன விதத்தில் எனக்குப் பொறாமையே வந்துவிட்டது.

அவரைப் படியில் சந்தித்தபோது பேச்சு அங்கேதான் போனது. எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி ஜெர்மன், இருவருக்கும் அரைகுறை. அது கடற்பாசி சூப் என்றார். அவர்கள் ஊரில் பிள்ளை பெற்றவள் வாரக்கணக்கில் அதையே குடிப்பாளாம். இரத்தத்துக்கும் நல்லது, பாலுக்கும் நல்லது. பிறகு தயங்கிக் கேட்டார், "நீங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவீர்களா?" இல்லை என்றேன். அடுத்த நாள் கதவைத் தட்டி, மூடி போட்ட ஒரு வெள்ளைக் கிண்ணத்தை இரண்டு கையாலும் நீட்டினார். தன் மனைவிக்கு இறைச்சி போட்டது. எங்களுக்கு உலர்ந்த மீன் போட்டுத் தனியாக வைத்தாராம்.

மாமிக்கு முதலில் பிடிக்கவில்லை. "பாசியோ? குளிரெல்லோ தம்பி, பிள்ளைக்குச் சளி பிடிக்கும்." நல்லெண்ணெய், உள்ளி, கருவாடு என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் முகம் இளகியது. "அப்ப குடுங்கோ. எங்கட கறி மாதிரித்தான் கிடக்கு."

என் மனைவி கிண்ணத்தை வழித்துக் குடித்தாள். கன்னத்தில் நிறம் வந்தது. சூப்பு அதற்குப் பிறகும் வேறு வேறு கிண்ணங்களில் தொடர்ந்து வந்தது. பாலும் மெல்ல மெல்ல வரத் தொடங்கியது. சூப்பாலா, நாளானதாலா என்று எனக்குத் தெரியாது. என் கறியால் இல்லை என்பது தெரியும்.

பிரச்சினை கிண்ணத்தில் வந்தது. எங்கள் வழக்கத்தில், வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். ஆனால் பிள்ளை பிறந்த வீட்டுக்குத் துடக்கு, அதாவது தீட்டு. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுச் சடங்கு நடக்கும் வரை எங்கள் வீட்டு அடுப்பில் வெந்ததை வெளியாட்களுக்குக் கொடுக்கக் கூடாது. மாமியிடம் கேட்டேன். "கழிவு முடியட்டும் தம்பி, அதுக்குப் பிறகு நல்லாச் செய்து குடுங்கோ" என்றார். அப்படியே முடிவெடுத்தேன். எங்கள் கலியாணத்துக்கு வந்து பெட்டி பிரிக்காமல் கிடந்த பீங்கான் செட்டுகளை அலுமாரியில் உள்ளே தள்ளிவிட்டு, அவருடைய கிண்ணங்களைக் கழுவித் துடைத்து முன்னால் அடுக்கினேன்.

கடையில் ஒரு பிஸ்கட் பெட்டி வாங்கி வைத்துக் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் தோன்றியது. தனியாக மீன் போட்டுக் காய்ச்சிய சூப்புக்குப் பிஸ்கட்டா என்று ரோசம் தடுத்தது. சமைத்துக் கொடுக்கலாம் என்றால் என் சமையல் எனக்கே தெரியும். உண்மையைச் சொன்னால், துடக்கு எனக்கு வசதியாக வாய்த்த ஒரு சாட்டு.

அவர் எங்களை ஒரு நாளும் உள்ளே வா என்று கூப்பிடவில்லை. கதவை அரைவாசி திறந்து கொடுத்துவிட்டுச் சாத்திக்கொள்வார். கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவர் என்று நினைத்தேன். அவர் சூப்பைக் குடித்துக்கொண்டே அப்படி நினைத்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ஒரு நாள் சூப்பு ஜாம் போத்தலில் வந்தது. அடுத்த நாள் காபிக் கோப்பையில். பாத்திரம் மாற்றுகிறார்கள் போல என்று விட்டுவிட்டேன். அதற்கடுத்த நாள் குப்பைப் பையோடு வெளியே வந்தபோது எதிர்க்கதவு திறந்திருந்தது. அவர் தள்ளுவண்டியை மடிக்கத் திண்டாடிக்கொண்டிருந்தார். உள்ளே, தரையில் தடித்த மெத்தை விரித்து, கோடையிலும் கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு, அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். பிள்ளைக்குப் பால்மா கலக்கும் அளவுக் குவளையிலிருந்து தன் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் குவளையை இறக்கி வைத்துவிட்டுத் தலையைக் குனிந்து வணக்கம் சொன்னாள்.

நான் குப்பைப் பையோடு திரும்பி வீட்டுக்குள் வந்துவிட்டேன். வெட்கம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அன்றைக்கு அறிந்தேன். பச்சை உடம்புக்காரி ஒருத்தி குடிக்கப் பாத்திரமில்லாமல் இருக்க, அவளுடைய கிண்ணங்களை நான் ஒரு கொள்கையோடு பூட்டி வைத்திருந்தேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள் அலுமாரியைத் திறந்து பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, உங்களுக்கு விசரே? அதுவும் பிள்ளைப்பெத்த வீடு, இதுவும் பிள்ளைப்பெத்த வீடு. துடக்கு வீட்டுக்குத் துடக்கு வீட்டில இருந்து குடுத்தா என்ன வரப்போகுது? அந்த மனுசன் ஆரையும் உள்ள விடாததும் அதுக்காகத்தான் இருக்கும்."

அவள் நினைத்தது சரி என்று பிறகு அவர் சொல்லித் தெரிந்தது. அவர்கள் ஊரிலும் பிள்ளை பிறந்த வீட்டுக்குள் மூன்று வாரம் வெளியாட்களை விடமாட்டார்களாம். தலைக்கனம் யாருக்கு என்று எனக்கு அப்போது விளங்கியது.

தமிழ்க்கடையில் உறையவைத்த பாற்சுறா வாங்கி வந்தேன். என் மனைவி குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் கதிரை போட்டு, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அவள் சொல்லச் சொல்ல அவித்தேன், உதிர்த்தேன், மிளகும் உள்ளியும் தேங்காய்ப்பூவும் போட்டு வறுத்தேன். அடிப்பிடிக்கவில்லை. ஒரு கிண்ணத்தில் சுறா வறையை நிரப்பி, மற்றவற்றைத் தட்டத்தில் அடுக்கிக்கொண்டு போய் எதிர்க்கதவைத் தட்டினேன்.

அவர் கிண்ணங்களைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். என்ன சமாளிப்புச் சொல்வது என்று நான் ஜெர்மனில் வாக்கியம் தேடிக்கொண்டிருக்கையில் அவரே சொன்னார், மிகவும் மெல்லிய குரலில், "அவசரமில்லை. என் மனைவி சொன்னாள், அவர்கள் வீட்டில் கிண்ணம் இல்லை போலிருக்கிறது, கேட்காதீர்கள், வைத்திருக்கட்டும் என்று."

வறை இருந்த கிண்ணத்தையும் இன்னும் சிலவற்றையும் எடுத்துக்கொண்டு, இரண்டு கிண்ணங்களை என் தட்டத்திலேயே விட்டார்.

"இவை உங்களுக்கு. பிள்ளையின் அம்மாவுக்குத் தேவைப்படும்."

எங்களிடம் கிண்ணம் இருக்கிறது என்று சொல்லலாம். சொன்னால் ஏன் இவ்வளவு நாள் தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எனக்குப் பின்னால் அரைவாசி திறந்த கதவுக்குள் என் மனைவி நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது தெரியும். அலுமாரியில் பெட்டி பிரிக்காத பீங்கான் செட்டுகள் இருப்பதும் தெரியும்.

தட்டத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி, தலையைக் குனிந்து, நன்றி என்றேன்.